வாய்தா நோட்டும் பதிமூன்றாம் சங்கீதமும்

என் வீட்டுக்காரர் ஒரு நூற்பாலையில், ப்ளோ ரூமில், 22 வருஷம் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கடைசி எட்டு மாதம் படுத்துத் தூங்க முடியாமல், மடியில் தலையணையை வைத்துக் கவிழ்ந்தபடி உட்கார்ந்தே தூங்கினார். 2013 ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

அந்த எட்டு மாதமும் வீட்டில் ஜெபம் நடக்காத நாள் கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாசம், மாதர் சங்கத்தார் வந்து முழங்கால் போட்டுப் பாட்டும் ஜெபமும், சேகர ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், எண்ணெய் பூசி ஜெபித்தது, எல்லாம் உண்டு. சுகம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத இன்னும் எனக்கு வரவில்லை. அதற்கு அடுத்து நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்தபின் பணிக்கொடைக்காக மில் அலுவலகத்துக்குப் போனேன். கிராஜுவிட்டி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். உள்ளே இருந்தவர் ஒரு ஃபைலைப் பிரித்துக் காட்டினார். 2006லேயே என் வீட்டுக்காரர் தானாக ராஜினாமா செய்துவிட்டாராம். அப்புறம் வேலை பார்த்ததெல்லாம் கான்ட்ராக்டில்தானாம். பழைய பாக்கியையும் அன்றைக்கே வாங்கிக்கொண்டாராம். கீழே இருந்தது அவர் கையெழுத்துதான். 'இன்சூரன்ஸுக்கு' என்று சொல்லி ஒரு நாள் எல்லோரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவர் வீட்டில் வந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகத்தை எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டுவது?

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,700 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 6,750. அதை 22 வருஷத்துக்குப் பெருக்கினால் 1,48,500. ப்ளஸ் ஒன் படிக்கிற மகளையும் எட்டாவது படிக்கிற மகனையும் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது எத்தனை பெரிய பணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. அந்த மில் முதலாளி எங்கள் கோயிலில்தான் முன்வரிசையில் உட்காருகிறவர். சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். கோயில் கூரைக்கும் மைக் செட்டுக்கும் அவர் கொடுத்ததுதான். கோயிலில் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டைகள் அவர் வண்டியில்தான் வந்து இறங்கும்.

சேகரத்துப் பெரியவர்களிடம் போனேன். 'பேசி முடித்துக்கொள்ளலாம், அவசரப்படாதீங்க, விசுவாசி மேல் விசுவாசி வழக்குப் போடக் கூடாது' என்றார்கள். 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். சரியென்று காத்திருந்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பிற்பாடு அந்த அதிகாரத்தை நானே நிதானமாக வாசித்தபோதுதான் ஐந்தாம் வசனம் கண்ணில் பட்டது. சகோதரருக்குள்ளே வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று பவுல் அங்கே சபையைத்தான் வெட்கப்படுத்துகிறார். எங்கள் கமிட்டியில் ஒருவராவது இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் நான் வெளியே போயிருக்கவே மாட்டேன். யாரும் கேட்கவில்லை. காத்திருக்கச் சொன்னதெல்லாம் என்னிடம் மட்டும்தான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால், ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஜெபமும் நடக்கட்டும், மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இதற்கெல்லாம் காலக்கெடு உண்டு. அந்த ஒரு வருஷத் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலை வந்தது. குற்றம் செய்தவர் யாரோ, மன்னிப்புக் கேட்டு மனுக் கொடுத்தவள் நான்.

அந்த வருஷம் என் ஜெபம் எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஆண்டவரே, அந்த ஆள் கை விளங்காமப் போகணும்' என்று ஜெபித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக்கார் வாங்கினார். அதற்கு ஐயர் ஜெபம்பண்ணி ரிப்பன் வெட்டினார்.

இப்படியெல்லாம் ஜெபிக்கிற நான் ஒரு கிறிஸ்தவளா என்று குத்திக்கொண்டே இருந்தது. முழங்கால் போட்டால் வாயில் சாபம்தான் வரும். சாபம் வேண்டாம் என்று அடக்கினால் ஜெபமே வராது. அப்போதுதான் வேதத்தில் இருக்கிற சங்கீதங்களைப் புதுசாக வாசிக்க ஆரம்பித்தேன். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தது 23, 91, 121. மேய்ப்பரும் மறைவிடமும் பர்வதங்களும். பதிமூன்றை யாரும் கொடுத்ததில்லை. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது. மொத்தமே ஆறு வசனம்தான். சோறு கொதிக்கிற நேரத்தில் இரண்டு தடவை சொல்லிவிடலாம். 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் கொஞ்சமாவது துதியில் வந்து நிற்கும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கோபத்தை வேறெங்கும் கொட்டாமல் அவர் முன்னால் கொட்டுவதும் ஜெபம்தான் என்று அந்தச் சங்கீதக்காரர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என் சொந்த வார்த்தை தீர்ந்துபோன நாளில் அவர்களுடைய வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், விதைக் காணிக்கை போட்டால் அடைத்த வாசல் 21 நாளில் திறக்கும் என்றார். வட்டிக்கு வாங்கி 2,000 ரூபாய் போட்டேன். 22ஆம் நாள் வட்டிக்காரர்தான் வந்தார். அதற்கப்புறம் நாள் குறித்து வாக்குக் கொடுக்கிறவர்கள் பக்கம் நான் போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாள் தப்பும்போது பழி நம் விசுவாசத்தின் மேல்தான் விழும். அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

2014 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லூக்கா 18 வாசித்தார்கள். அநீதியுள்ள நியாயாதிபதியும் விதவையும். எத்தனையோ தடவை கேட்ட கதை. 'விடாமல் ஜெபித்தால் கர்த்தர் இரங்குவார்' என்று வழக்கமான பிரசங்கம்தான் நடந்தது. எனக்கோ வேறொன்று உறைத்தது. அந்த விதவை எங்கே போனாள்? நியாயாதிபதியிடம் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். 'இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி' நியாயம் செய்துவிடுகிறேன் என்று அந்த ஆளே சொல்கிற அளவுக்குப் போனாள். இப்போது நாம் 'ரொம்ப அலட்டிக்காதே' என்றால் வேறு அர்த்தம். பழைய மொழிபெயர்ப்பில் அலட்டுவது என்றால் தொந்தரவு கொடுப்பது, அசத்தி எடுப்பது. இயேசு ஜெபத்துக்கு உதாரணம் தேடியபோது, பண்ணிய மனுவை விடாமல் வாசலுக்கு நடந்துகொண்டிருந்த ஒருத்தியைக் காட்டியிருக்கிறார். நானோ வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையில் நியாயாதிபதி கடவுள் இல்லை. இப்பேர்ப்பட்டவனே நியாயம் செய்தால் தேவன் செய்யாமல் இருப்பாரா என்றுதான் கேள்வி. ஆண்டவரை நச்சரித்துப் பணியவைப்பது என்று நான் அத்தனை நாளும் நினைத்திருந்தது தப்பு. ஆண்டவர் என் பக்கம். அலட்ட வேண்டியது ஆபீஸை.

அடுத்த வாரம் கோர்ட் வளாகத்துக்குள் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். இது எனக்கு அதுவரை தெரியாது. வக்கீலம்மா சின்ன வயசு. இந்துப் பிள்ளை, நெற்றியில் விபூதி. 'வாரிசுச் சான்றிதழ் இருக்கா? பி.எஃப். சிலிப் இருக்கா? போனஸ் சிலிப்? இஎஸ்ஐ கார்டு?' என்று வரிசையாகக் கேட்டார். கிராஜுவிட்டிக்குத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்காமல் இழுத்தால் வட்டியும் சேர்த்துக் கேட்கலாம் என்று விளக்கினார். 'வேலை செஞ்ச கூலியைத்தானே கேக்கிறீங்க, ஏன் குனிஞ்சு பேசுறீங்க?' என்றும் கேட்டார். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று ஒரு வசனம் உண்டு. அதை எனக்குப் புரியும்படி சொன்னவர் அந்தப் பிள்ளைதான்.

பஸ் ஸ்டாண்டில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடதுபக்கம் வாய்தா தேதி, பஸ் செலவு, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அடுத்த தேதி. வலதுபக்கம் அன்றைய ஜெபம், ஒரே ஒரு வரி. ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். வருகிற பஸ்ஸில் எழுதுவேன். இப்போது எடுத்துப் புரட்டினால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. 'இன்று அதிகாரி லீவு. நீரும் லீவா?' என்று ஓரிடத்தில். 'மழை. செருப்பு அறுந்தது. ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை' என்று ஓரிடத்தில். 2016இல் பல பக்கம் வலதுபுறம் வெறுமையாகவே இருக்கிறது. இடதுபக்கம் மட்டும் நிரம்பியிருக்கிறது.

அந்த 2016ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் விடாமல் ஜெபித்தேன் என்று சாட்சி சொல்லுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் விட்டுவிட்டேன். கோபமும்கூட இல்லை. கோயில் மணி அடித்தால் எழுந்து போவேன், பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பேன், அவ்வளவுதான். அடுத்த வீட்டில் ஒரு ஆச்சி இருந்தார்கள். ஆர்.சி., அதாவது கத்தோலிக்கச் சபை, கையில் எப்போதும் ஜெபமாலை. ஒரு சாயங்காலம் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். 'ஆச்சி, எனக்கு ஜெபமே வரல' என்றேன். 'வராட்டி விடு. நான் சொல்லுதேன், நீ சும்மா உக்காந்திரு' என்றார்கள். அன்றிலிருந்து கிட்டத்தட்ட எட்டு மாதம், ஆறரை மணிக்கு வருவார்கள், மணியை உருட்டுவார்கள், நான் கீரை ஆய்வேன். நான் புராட்டஸ்டன்ட், சி.எஸ்.ஐ.காரி. எனக்கு ஜெபமாலை ஜெபம் ஒன்றுகூடத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்ததில் பாதி மனப்பாடமாகிவிட்டது. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூப்பிட்டு 'என்னோடுகூட விழித்திருங்கள்' என்றுதானே கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். எனக்கு வாய்த்த ஆச்சி தூங்கவில்லை.

கோயிலுக்குப் போவதும் அந்தக் காலத்தில் லேசாக இல்லை. நற்கருணை ஞாயிறன்று ஆல்டர் முன்னால் முழங்கால் போட்டால் ஒருமுறை அந்த முதலாளி எனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தார். ஒரே பாத்திரம். எழுந்து வந்துவிட்டேன். அதற்கும் பேச்சுக் கிளம்பியது. 'சகோதரனோடு ஒப்புரவாகாமல் பலிபீடத்துக்கு வரக்கூடாது, அதான் அந்தம்மா எழுந்துட்டாங்க, மனச்சாட்சி குத்தியிருக்கும்' என்று மாதர் சங்கத்தில் ஒருவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து மத்தேயு ஐந்தை எடுத்துப் பார்த்தேன். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால்தான் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறது. குறை எனக்கு, அவர்பேரில். காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவர் அவர். இதை நான் யாரிடமும் வாதாடவில்லை. ஆனால் அடுத்த மாதம் எழுந்து வராமல் இருந்தேன்.

நடுவில் சில ஞாயிறு அந்தக் கோயிலே வேண்டாம் என்று பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, ஊசிக்கோபுரத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரி 1826இல் கட்டிய கோயில். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் கொஞ்ச நேரம் இருப்பதும் தேவைப்படுகிறது. பக்திக் குறைவு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மன்னிப்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 'மன்னித்துவிட்டு வழக்கை வாபஸ் வாங்கு' என்று சொன்னவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் வழி காட்டியது அப்போஸ்தலர் 16. பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினதை எல்லோரும் பிரசங்கிப்பார்கள். விடிந்ததும் நடந்ததை விட்டுவிடுவார்கள். சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லி அனுப்பியபோது பவுல் போகவில்லை. விசாரணை இல்லாமல் எல்லார் முன்னாலும் அடித்தார்களே, இப்போது ரகசியமாக விடுகிறார்களா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதே சிறையில்தான் தன்னைத் தொழுமரத்தில் மாட்டிவைத்த காவலனுக்குச் சுவிசேஷம் சொல்லி, அவன் கையால் சாப்பிடவும் செய்தார். பழிவாங்கவும் இல்லை, உரிமையை விடவும் இல்லை. நான் அந்த அளவுக்கு வரவில்லை. 'கை விளங்காமப் போகணும்' என்பதிலிருந்து 'அவர் செய்ததை அவருக்குக் காட்டும்' என்பதுவரை வந்திருக்கிறேன். அதற்கு மூன்று வருஷம் ஆனது. நோட்டில் இருக்கிறது.

2017இல் பரணைச் சுத்தம் செய்தபோது டிரங்குப் பெட்டிக்குள் என் வீட்டுக்காரருடைய கல்யாண வேட்டி மடிப்பில் ஒரு கட்டுத் தாள் கிடைத்தது. பி.எஃப். சிலிப்புகள். 2006க்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கு எண். 2009 தீபாவளி போனஸ் சிலிப்பில் 'நிரந்தரம்' என்று அச்சடித்த கட்டத்தில் டிக். வக்கீலம்மா அதைப் பார்த்து மேஜையைத் தட்டினார். சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள், உபவாச ஜெபத்துக்குக் கிடைத்த அற்புதம் என்று. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பரணையைச் சுத்தம் செய்திருந்தால் அப்போதே கிடைத்திருக்கும். அவர் வேட்டியைத் தொடத் தைரியம் இல்லாமல் அந்தப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. திறக்கிற தைரியம் அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது வேண்டுமானால் ஜெபத்தினால் வந்ததாக இருக்கலாம்.

2018 பிப்ரவரியில் எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. மில்காரர்கள் அப்பீல் போனார்கள். அப்பீல் போக வேண்டுமென்றால் உத்தரவான தொகையை முதலில் கட்டியாக வேண்டும் என்று சட்டம். அதனால் பணம் அப்போதே அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. 2019 மார்ச்சில் அப்பீல் தள்ளுபடி. மே மாதம் வட்டியோடு 2 லட்சத்து 19 ஆயிரம் சொச்சம் என் கணக்கில் ஏறியது. மொத்தம் 31 வாய்தா. அதற்குள் மகள் காலேஜுக்குப் போகாமல் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்துக்கு எந்தச் சட்டத்திலும் வட்டி கிடையாது.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு வாசலில் பார்த்து, 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?' என்று கேட்டார், யாரோ மூன்றாம் மனிதர் விஷயம் மாதிரி. 'முடிஞ்சுது ஐயா' என்றேன். புது ஐயர் வந்தபின் ஒரு நாள் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் பாடமாக வந்தது. கூலி கூக்குரலிடுகிற அந்த வசனத்தை ஐயர் சத்தமாக வாசித்தார். நான் முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஃபேன் பக்கம் திரும்பி, வேகத்தைக் கூட்டச் சொல்லி, ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாருக்குச் சைகை காட்டினார்.

ஆச்சி 2020இல் இறந்துபோனார்கள். ஜெபமாலையை அவர்கள் மகள் எனக்குக் கொடுத்தாள். எனக்கு உருட்டத் தெரியாது. வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் அதே மில்லில் வேலை பார்த்த ஒருவருடைய மனைவி என்னைத் தேடி வந்தாள். அதே கதை, அதே மாதிரி வெற்றுத்தாள். ஆணைக்குழு அலுவலகத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமல் வந்தாள். அப்புறம், 'அக்கா, நான் ஆறு மாசமா ஜெபம்பண்ணுதேன், ஒண்ணும் கேக்கல. என்ன சொல்லி ஜெபம்பண்ணணும்?' என்றாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. பி.எஃப். சிலிப் எடுத்து வந்தாளா என்று கேட்டேன். பையைத் திறந்து காட்டினாள், எல்லாம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பழைய கடையிலேயே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நான் வாங்கும்போது எட்டு ரூபாய், இப்போது 20. முதல் பக்கத்தில் தேதி போட்டு, பஸ் செலவை எழுதி, வலதுபக்கத்தை விட்டுவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.